பீனின் கையில் கொடுத்த நேரம்

போன புதன்கிழமை விடியற்காலையில் பதினொரு பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று என் மருமகளைத் திட்டினார்கள். அவள் ஊரில் இல்லை. அதனால் அவள் சார்பில் நானே வாங்கிக்கொண்டேன்.

நியாயமாகப் பார்த்தால், அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கே சேர வேண்டியதுதான். அதென்ன மூன்றில் ஒரு பங்கு? பொறுங்கள்... முதலில் என் மருமகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஷமீமா உத்தமபாளையத்துப் பெண். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். பிள்ளை பிறக்கும் வரை சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். என் மகன் துபாயில் இருக்கிறான். இவள் இரண்டு வயசு ஆயிஷாவோடு கம்பத்தில் எங்களோடு இருக்கிறாள். போன மாதம் பெங்களூருவில் ஒரு வேலை கிடைத்தது. நல்ல வேலைதான். ஆனால் நேரில் போக வேண்டும். போனால் ஆயிஷாவும் போய்விடுவாள்.

"இங்கன இருந்தே எதாச்சும் செய்ய முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளாவது என்னை நம்பி வேலை குடுக்கணும்ல மாமி. மொதல் ஆளு கெடைச்சா அடுத்த ஆளு தானா வருவாக."

முதல் ஆளாக வந்தது சீனி.

சீனி ஜீப் வைத்திருக்கிறார். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப். எங்கள் தெரு முக்கில்தான் நிற்கும். தினமும் சாயங்காலம் பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, நாளைக்கு எத்தனை மணி என்று சொல்லுவார். அதிலேயே அவர் தொண்டை கட்டிவிடும். ஷமீமா சொன்னாள், "அதுக்கு ஒரு வெப்சைட் பண்ணித் தர்றேன் சீனிண்ணே. நேரம் அதுவா எல்லார் போனுக்கும் போயிரும்." அவரும் சரி என்றார். நன்றாக இருந்தால் முக்கில் நிற்கிற மற்ற ஜீப்காரர்களுக்கும் சொல்கிறேன் என்றார். பெங்களூருக்காரர்கள் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தார்கள். சீனியின் ஜீப் புதன்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் நேரத்தில் ஓடுவதாக ஏற்பாடு.

ஆக, ஒரு ஜீப் ஒழுங்காகக் கிளம்பினால் என் பேத்தி கம்பத்தில். கிளம்பாவிட்டால் பெங்களூருவில். எனக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குவேன். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் கேள்வி கேட்பதற்கு யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லையே?

ஆரம்பத்தில் ஜீப் நேரத்தைப் புரோகிராமுக்கு உள்ளேயே எழுதி வைத்திருந்தாள். சீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். மேலே பனிமூட்டம், கால் மணி தள்ளிப் போடு என்பார். தோட்டத்தில் எடை போடுகிற ஆள் மாறிவிட்டார், முன்னால் வை என்பார். ஒவ்வொரு தடவையும் இவள் புரோகிராமைப் பிரித்து, அந்த எண்ணைத் தேடி, மாற்றி, மறுபடி மொத்தத்தையும் கட்டி ஏற்றுவாள். ஒரு எண்ணுக்காக அரை மணி நேரம். அதற்குள் ஆயிஷா ஒரு சுவர் முழுக்கக் கிறுக்கி முடித்துவிடுவாள்.

"ஏம்மா, இந்த ஒத்தை நம்பரை வெளிய எங்கனயாச்சும் எழுதி வச்சா என்ன?"

"அதைத்தேன் மாமி பண்ணப் போறேன்."

அப்புறம் விளக்கினாள். புரோகிராமுக்குள் சின்னச் சின்ன வேலைக்காரர்கள் இருக்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. ஒருவர் நேரம் சொல்லுவார், ஒருவர் மெசேஜ் அனுப்புவார், ஒருவர் ஆள் எண்ணுவார். அவர்களுக்குப் பெயர் பீன். ஏன் பீன் என்று கேட்டேன். தெரியாது என்றாள். பெயர் வைத்தவர் பசியோடு இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"இந்த நேரம் சொல்ற பீனுக்கு ஆறு மணிங்கிறது எப்படித் தெரியும்? ஃபைலைப் போய்ப் பாக்குமா?"

"பாக்காது மாமி. அது எங்கயும் போகாது, எதையும் தேடாது. சர்வர் எந்திரிக்கும்போது, அதை நடத்துற ஒருத்தர் இருக்காரு, ஃபிரேம்வொர்க்னு. அவரு ஃபைலைப் படிச்சு, இந்தா உன் நேரம்னு பீன் கையில குடுப்பாரு. அதுக்குப் பேருதேன் இன்ஜெக்ஷன்."

"குடுக்கலைன்னா?"

"குடுக்காட்டி சர்வரே எந்திரிக்காது. அந்த வரி ஃபைல்ல இல்லைன்னு சொல்லிட்டுப் படுத்துக்கும்."

எனக்கு உடனே என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். கண்ணாடியைக் கையில் கொடுக்காமல் அவர் ஒருநாளும் பேப்பர் படித்ததில்லை. தேடவும் மாட்டார். படிக்காமல் படுத்துக்கொள்வார். நாற்பத்தாறு வருஷமாக நான் ஃபிரேம்வொர்க்காக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

முதல் நாள் அது வேலை செய்யவில்லை. நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ‘நல்’ என்று வந்தது. அப்படியென்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமாம். ஷமீமா ஒரு மணி நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"தப்பு எம்மேலதான் மாமி. மொதல்ல பீன் உண்டாகும். உண்டானப்புறம்தான் கையில நேரத்தைக் குடுப்பாக. நான் அது உண்டாகும்போதே நேரம் என்னன்னு கேக்கச் சொல்லி எழுதிட்டேன்."

"தொப்புள்கொடி அறுக்கும் முன்னாடியே பிள்ளைகிட்ட பேரு கேட்டியாக்கும்?"

"அப்படித்தேன். பேரு வச்சப்புறம் கேக்கச் சொல்லி மாத்திட்டேன்."

மாற்றியதும் வேலை செய்தது. நறுக்கிய வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டு நானும் எட்டிப் பார்த்தேன். ஃபைல் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு வரிதான். அதில் ஒரு வரி, ஜீப் டைம். பக்கத்தில் ஈக்வல் குறி. அதற்குப் பக்கத்தில் நேரம். மளிகைக் கடைக்குக் கொடுத்துவிடுகிற துண்டுச்சீட்டு இதைவிட நீளமாக இருக்கும்.

"இப்ப புரோகிராம் தெரியாத ஆளுகூட நேரத்தை மாத்தலாம்," என்றாள் பெருமையாக.

அந்த ஆள் நான்தான் என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியாது.

தேனி ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அடுத்த வாரம் என்று சொன்னவர்கள், திடீரென்று செவ்வாய்க்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள். சர்வர் என்பது எங்கள் வீட்டு முன்ரூமில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர். சீனியிடம் பழகிக்கொள்ளுங்கள் என்றால், "ஸ்டியரிங்கைத் தவிர வேற எதையும் நான் தொட மாட்டேன் தாயி," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி கிடைக்காது. மிச்சம் யார்?

"மாமி, சீனிண்ணே போன் பண்ணி நேரம் சொல்லுவாக. இந்த எண்ணை மட்டும் மாத்துங்க. இங்கன சேவ். அப்புறம் இந்தப் பட்டனை அமுக்குங்க, சர்வர் படுத்து எந்திரிக்கும். வேற எதையும் தொடாதீக."

"தொட மாட்டேன்த்தா."

தொடவில்லை. சத்தியமாக வேறு எதையும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குச் சீனி போன் செய்தார். "அக்கா, நாளைக்கு ஆறு மணின்னு போட்ருங்க."

போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். ஆறு என்று அடிக்க விரலை நீட்டியபோது ஒரு யோசனை.

நம் ஊரில் எவளாவது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறாளா? பத்து மணி நிக்காஹ் என்றால் வீட்டில் ஒன்பதரை என்றுதானே சொல்கிறோம்? நானே என் மகன் கல்யாணத்துக்கு என் தங்கச்சியிடம் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொன்னவள். அப்படியும் அவள் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள். முதல் நாளே ஜீப் தாமதமாகக் கிளம்பினால் என் பேத்தி கதி என்ன?

அஞ்சரை என்று அடித்தேன். சேவ் செய்தேன். பட்டனை அமுக்கினேன். சர்வர் படுத்து எழுந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நானும் படுத்தேன்.

மறுநாள் ஆறு மணி ஆகக் கால் மணி நேரம் இருக்கும்போது கதவு தட்டினார்கள். திறந்தால் பதினொரு பேர். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. முன்னால் நின்றவள் பாண்டியம்மா. ஏலக்காய் எடுப்பதில் அந்த ஜீப்பிலேயே கை வேகம் அவளுக்குத்தான். வாய் அதைவிட வேகம்.

"பாயம்மா, உங்க மருமக எங்க?"

"தேனிக்குப் போயிருக்காத்தா. என்ன விசயம்?"

"அஞ்சு மணிக்கு முக்குல நிக்கணும்னு மெசேஜ் வந்துச்சு. நின்னோம். ஜீப்பையும் காணோம், சீனியையும் காணோம். அங்கன ஒரு நாயி மட்டும் எங்களைப் பாத்துக்கிட்டே நிக்குது. அதுக்கும் எந்த மெசேஜ் வந்துச்சோ."

அஞ்சா? நான் அடித்தது அஞ்சரை அல்லவா? எனக்குத் திக்கென்றது. ஆனால் அதைவிட ஆச்சரியமாக ஒன்று தோன்றியது.

"நீங்க எதுக்குத்தா கரெக்டா அஞ்சுக்கே வந்தீக? எப்பவும் அரை மணி கழிச்சுத்தானே வருவீக?"

"சீனி சொன்னா அரை மணி கழிச்சு வருவோம். அந்தாளு சொல்றதுல அரை மணி பொய்யின்னு தெரியும். இது கம்ப்யூட்டருல்ல பாயம்மா. அதுக்கு எங்ககிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

யோசித்துப் பாருங்கள். எங்கள் பள்ளத்தாக்கிலேயே ஒரு நேரத்தை முழுசாக நம்பி ஆட்கள் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும். அன்றைக்குப் பார்த்து இப்படி.

அப்புறம் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. குடும்பப் பத்திரிகை. எல்லோருக்கும் டீ போட்டேன். குடித்துக்கொண்டே திட்டினார்கள். ஆறரைக்குச் சீனி வந்து ஹாரன் அடித்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு என் வீட்டைப் பார்த்து, "அக்கா, இந்தக் கம்ப்யூட்டரு நமக்கு ஒத்து வராது. நான் பழையபடி போனே பண்ணிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டார்.

ஆயிஷா பெங்களூரு போய்விட்டாள் என்றே முடிவு செய்துகொண்டேன்.

மத்தியானம் ஷமீமா வந்தாள். அவளிடம் என்ன சொல்வது? கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடலாம் என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். அதற்கு வாய் இல்லையே.

வாய் இருந்தது. அதற்கு ‘லாக்’ என்று பெயர். சர்வர் எழுந்திருக்கும்போது யார் கையில் என்ன கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொள்கிறது. என் நாத்தனாரைப் போல.

"மாமி, சீனிண்ணே எத்தனை மணின்னாக?"

"ஆறு."

"லாக்ல ஜீப் டைம் அஞ்சரைன்னு இருக்கே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றவில்லை. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ புரோகிராமைத் திறந்து எதையோ தேடினாள். ஒரு வரியில் நின்றுவிட்டாள். முகம் சுருங்கியது.

"நீங்க அரை மணி கொறைச்சீக. அஞ்சரை. மெசேஜ் போனது அஞ்சு. இந்தா பாருங்க மாமி... பீனுக்குள்ளயே நான் ஒரு அரை மணி கொறைச்சு வச்சிருக்கேன். கையில என்ன நேரம் குடுத்தாலும் அதுல முப்பது நிமிசத்தைக் கழிச்சுட்டுத்தேன் வெளிய சொல்லும். நான்தேன் எழுதுனேன். எழுதிட்டு மறந்தும் போயிட்டேன்."

"ஏன் கொறைச்ச?"

"பொம்பளைக எங்க மாமி நேரத்துக்கு வாராக?"

அவள் இதை என்னிடம் சொல்லியிருக்கவே வேண்டாம். பழி முழுக்க என் தலையில்தான் இருந்தது. பேசாமல் அந்த வரியை அழித்திருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அவளாக எடுத்துக் காட்டினாள். மாமியாராக இருந்துகொண்டு இதை எழுதுவது கொஞ்சம் கஷ்டம்தான் – ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் ஜீப் இறங்குகிற நேரத்துக்கு இரண்டு பேரும் முக்குக்குப் போனோம். பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் ஷமீமா இரண்டு அரை மணியையும் சொன்னாள். அவளுடையதைத்தான் முதலில் சொன்னாள். அப்புறம் சீனியிடம் திரும்பினாள்.

"சீனிண்ணே, ஆறுன்னு சொன்னீகளே. ஜீப்பு ஆறரைக்குத்தானே வந்துச்சு?"

சீனி வண்டி டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"கெளம்புறது ஆறரைதான் தாயி. இவுகளை வர வைக்கணும்னா ஆறுன்னுதான சொல்லணும்?"

ஆக மூன்று அரை மணி. சீனியுடையது ஒன்று, என்னுடையது ஒன்று, ஷமீமாவுடையது ஒன்று. மூன்று பேரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடந்தது மட்டும் அந்தப் பதினொரு பேர்.

பாண்டியம்மா சிரித்தாளே ஒரு சிரிப்பு... திட்டே தேவலை என்றிருந்தது.

"ஏன் சீனி, நாங்க லேட்டா வர்றதே நீ பொய் சொல்றதாலதேன். நீ பொய் சொல்றது நாங்க லேட்டா வர்றதாலயா? இதை எவன் மொதல்ல ஆரம்பிச்சான்?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அதுதான் இன்னும் ஆச்சரியம். எங்கள் ஊர்க் கடிகாரங்களில் யாரோ எப்போதோ வைத்த அரை மணி அது. எல்லோருக்குள்ளேயும் இருக்கிறது. எவருடைய சீட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஷமீமா அங்கேயே மடிக்கணினியைத் திறந்து ஜீப் பானட்டின் மேல் வைத்தாள். பீனுக்குள் இருந்த முப்பது நிமிஷத்தை எடுத்தாள். ஃபைலில் ஜீப் டைமுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். எத்தனை நிமிஷம் முன்னால் வர வேண்டும் என்கிற வரி. வீட்டுக்குப் போய்ச் சர்வரில் ஏற்றிவிட்டால், இனிமேல் அதையும் ஃபிரேம்வொர்க்தான் பீன் கையில் கொடுக்கும். பீன் சொந்தமாக எதையும் கழிக்காது.

"இதுல எத்தனை போடட்டும்? நீங்களே சொல்லுங்க. என்ன போடுறேனோ அது உங்க போன்லயும் தெரியும். ஜீப்பு கெளம்புறது எத்தனைக்கு, நீங்க வர வேண்டியது எத்தனைக்கு, ரெண்டும்."

"பத்து நிமிசம் போதும்," என்றாள் பாண்டியம்மா. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

சீனி நம்பவில்லை. "பத்து நிமிசத்துல வந்துருவாகளாக்கும். சரி, நாளைக்கு ஒரு நாள் பாப்போம். ஆறு இருவதுக்குப் பதினொரு பேரும் நிக்கணும். ஒருத்தி கொறைஞ்சாலும் நான் போனுக்குப் போயிருவேன்."

"நிப்போம்யா. நீ வந்து சேரு," என்றாள் பாண்டியம்மா.

வியாழக்கிழமை காலை. ஆறு மணிக்கே ஃபிளாஸ்க்கில் டீயோடு நான் முக்கில். ஷமீமா ஆயிஷாவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆறு பத்துக்கு மூன்று பேர். பதினைந்துக்கு ஏழு பேர். பதினெட்டுக்குப் பத்து. பாண்டியம்மாவைக் காணோம். ஷமீமா நகத்தைக் கடிக்கிறாள். நான் ஃபிளாஸ்க் மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன், திறக்கிறேன். ஆறு பத்தொன்பதுக்கு மூலையில் ஒரு தூக்குவாளி தெரிந்தது. ஓடி வந்தாள்.

"இருவது ஆயிருச்சா?"

"இன்னும் ஒரு நிமிசம் இருக்குத்தா."

பதினொரு பேர். ஆறு இருபது. ஷமீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பனி என்றாள்.

ஆறரை ஆனது. ஜீப்பைக் காணோம்.

ஆறே முக்கால். காணோம். நேற்றைய நாய் மட்டும் வந்து பழையபடி நின்றுகொண்டது.

ஏழு மணிக்குச் சீனி வந்தார். தலை வாரி, விபூதி பூசி, சாவகாசமாக. இறங்கியதும் ஒரு தலை, இரண்டு தலை என்று எண்ணினார். பதினொன்று வந்ததும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"எப்ப வந்தீக?"

"ஆறு இருவதுக்கு," என்றாள் பாண்டியம்மா. "நீ எப்ப வந்த?"

"இல்ல... ஆறரைன்னு போட்டாலும் எப்படியும் நீங்க ஏழாக்கிப்புடுவீகன்னு..."

முடிக்க விடவில்லை. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலை முழுக்க அதுதான் பேச்சாம். சாயங்காலம் இறங்கும்போது சீனி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரே இருக்கட்டும் என்றார். முக்கில் இன்னும் இரண்டு ஜீப்காரர்கள் கேட்டிருக்கிறார்களாம். அவர்களுக்கு விசயத்தைச் சொன்னது பாண்டியம்மா.

பெங்களூருவுக்கு ஷமீமா மெயில் அனுப்பினாள். வரவில்லை என்று. அனுப்பும்போது ஆயிஷா என் மடியில் இருந்து வெண்டைக்காயை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். நான் பொறுக்கிப் பொறுக்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு இரவு ஃபைலில் மூன்றாவதாக ஒரு வரி சேர்ந்தது. பாண்டியம்மா கேட்டாள், பதினொரு பேரும் சரி என்றார்கள், ஷமீமா எழுதினாள். இனிமேல் சீனியும் போனில் வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்; அவர் போனுக்குப் போகிற நேரத்தில் மட்டும் முப்பது நிமிஷம் கழியும். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முன்ரூமில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து ஃபைலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சீனிதான் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொட மாட்டாரே.